ஆற்றங்கரைக்கும் பணத்துக்கும் ‘பேங்க்’ என்ற ஒரே சொல் எப்படி வந்தது?

கேள்வி இதுதான்: ஆங்கிலத்தில் ஆற்றங்கரையும் ‘பேங்க்’, பணம் போட்டு எடுக்கும் இடமும் ‘பேங்க்’. முற்காலத்தில் வணிகர்கள் ஆற்றங்கரையில் உட்கார்ந்து காசு மாற்றியதால்தான் இந்தப் பெயர் வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அது சரியா, அல்லது இவை ஒலியில் மட்டும் ஒன்றுபட்ட, தொடர்பே இல்லாத இரண்டு சொற்களா?

ஆற்றங்கரை வணிகர் கதைக்கு இந்தச் சொல்லின் வரலாற்றில் இடமில்லை. அதே சமயம், ‘தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள்’ என்பதையும் அப்படியே ஏற்றுக்கொள்ள முடியாது. மொழியியல் பாடநூல்கள், ஒலி ஒன்றாகவும் பொருள் வேறாகவும் உள்ள சொற்களுக்கு உதாரணம் காட்டும்போது முதலில் எடுப்பது இந்தச் சொல்லைத்தான். கணினிக்கு மொழியைக் கற்றுத்தருபவர்களும், சூழலைப் பார்த்துப் பொருள் காண்பது எவ்வளவு கடினம் என்று விளக்க இதையே எடுக்கிறார்கள். இன்று ஆங்கிலம் பேசுபவரின் மனத்தில் இவை இரண்டு சொற்கள் என்பது உண்மைதான். ஆனால் சுமார் இரண்டாயிரம் ஆண்டுகள் பின்னோக்கிப் போனால், இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவை. ஒன்று வடக்கே கடலைத் தாண்டி நேராக இங்கிலாந்துக்குப் போனது; மற்றொன்று தெற்கே இத்தாலிக்குப் போய், அங்கே தொழில் பழகி, பல நூற்றாண்டுகள் கழித்து இங்கிலாந்துக்கு வந்தது. அங்கே எதிரெதிரே நின்றபோது ஒன்றை ஒன்று அடையாளம் தெரிந்துகொள்ளவில்லை.

அந்த வீடு, ஆங்கிலம், ஜெர்மன், டச்சு, டேனிஷ் முதலியவற்றுக்கெல்லாம் தாயான பழைய ஜெர்மானிய மொழி. எழுதி வைக்கப்படாத அந்த மொழியை, அதன் மகள் மொழிகளை ஒப்பிட்டுத்தான் அறிஞர்கள் மீட்டெடுத்திருக்கிறார்கள். அதில் ‘பங்க்’ என்பது போன்ற ஓர் அடிச்சொல் இருந்தது. தரையிலிருந்து எழும்பி, நீளவாக்கில் கிடக்கும் மேடு என்பதே அதற்கு நாம் சொல்லக்கூடிய பொருள். இந்த வடிவத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பொருள்கள் எல்லாம் எளிதில் பிடிபடும். இயற்கையில் அப்படிக் கிடப்பது மண்மேடு. மனிதன் செய்து வைத்தது உட்காரும் நீளப் பலகை. அடி ஒன்றாக இருந்தாலும், இந்த இரண்டு பொருளுக்கும் வெவ்வேறு விகுதி சேர்ந்து, மிகப் பழங்காலத்திலேயே இரண்டு சொற்கள் ஆகிவிட்டன.

முதலில் மண்மேட்டின் வழியைப் பார்ப்போம். 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டென்மார்க், நார்வே பகுதிகளிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் படையெடுத்து, பின்பு குடியேறி, பயிர் செய்து வாழத் தொடங்கினார்கள். அவர்களுடைய மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குள் வந்த சொற்கள் மிகச் சாதாரணமானவை: முட்டையைக் குறிக்கும் ‘எக்’, வானத்தைக் குறிக்கும் ‘ஸ்கை’, சன்னலைக் குறிக்கும் ‘விண்டோ’, ‘அவர்கள்’ என்னும் பொருளுடைய ‘தே’. கரை என்ற பொருளில் வரும் ‘பேங்க்’ இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தது. ஆங்கில எழுத்தில் அது தெளிவாகத் தெரியத் தொடங்குவது 1200ஆம் ஆண்டை ஒட்டித்தான்.

ஐஸ்லாந்து மொழியில் இன்றும் கரைக்கு ‘பக்கி’ என்றுதான் பெயர். இடையில் இருந்த மெல்லொலி எங்கே போயிற்று என்று கேட்கத் தோன்றும். மேற்கு ஸ்காண்டிநேவிய மொழிகளில் மெல்லொலியும் வல்லொலியும் சேர்ந்து வந்த இடத்தில் வல்லொலி இரட்டித்தது. ஆங்கிலத்தில் ‘ட்ரிங்க்’ என்று வரும் ‘குடி’ என்ற வினை அங்கே ‘த்ரெக்கா’ என்று ஒலிப்பதும் இதனால்தான். தமிழில் இரும்பு, பாதையோடு சேரும்போது இருப்புப்பாதை ஆவதையும், மருந்து, பையோடு சேரும்போது மருத்துப்பை ஆவதையும் இலக்கணத்தில் படித்தவர்களுக்கு இந்த ஒலி மாற்றம் அந்நியமாகத் தோன்றாது.

கரை என்று மட்டும் இந்தச் சொல்லுக்குப் பொருள் எழுதிவிட்டால் அதன் பாதி உயிர் போய்விடும். நீர் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே அதில் இல்லை. மேடும் சரிவும் இருந்தால் போதும். கடலுக்கு அடியில் மணல் திரண்டு மேடாகக் கிடந்தால் அதுவும் இதே சொல்தான். வட கடலில் உள்ள டாகர் பேங்க், நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் மீன்வளத்துக்குப் பெயர்பெற்ற கிராண்ட் பேங்க்ஸ் இரண்டும் அப்படிப்பட்ட கடலடி மேடுகள். அடிவானத்தில் சுவர்போல் திரண்டு நிற்கும் மேகத்துக்கும், காற்று குவித்துவிட்டுப் போன பனிக்கும் இதே பெயர். எரியும் கரியின் மேல் சாம்பலையோ கரித்தூளையோ குவித்து மூடி, கனல் அணையாமலும் கொழுந்து விடாமலும் இரவெல்லாம் காத்து வைப்பதற்கும் இதே சொல் வினையாக வரும். அங்கே குவியல்தான் பொருள். விமானம் திரும்பும்போது ஒரு சிறகு தாழ்ந்து மறு சிறகு எழும்பச் சாய்வதை விமானிகள் ‘பேங்க்’ என்று சொல்வதும், வளைவான சாலையின் வெளிப்புற ஓரத்தை உயர்த்திக் கட்டுவதைப் பொறியாளர்கள் ‘பேங்கிங்’ என்று சொல்வதும் கரையின் சரிவிலிருந்து வந்தவை. பணம் போடும் இடத்தோடு இவற்றில் ஒன்றை இணைத்துப் பார்த்தால் எதுவும் விளங்காது.

இனி, பலகையின் வழி. இது இரண்டாகப் பிரிகிறது. இங்கிலாந்திலேயே இருந்த கிளை ‘பென்ச்’ ஆனது. பழைய வடிவத்தில் ‘பங்க்’ என்ற அடியை அடுத்து ஓர் இகரம் இருந்தது. அந்த இகரம் தனக்கு முன்னால் இருந்த அகரத்தை எகரமாக இழுத்தது. இறுதியிலிருந்த ககரத்தைச் சகரமாக மாற்றியது. பிறகு அந்த இகரமே மறைந்துவிட்டது. செய்துவிட்டுப் போன மாற்றங்கள் மட்டும் நின்றுவிட்டன. ‘மேன்’ என்பது பன்மையில் ‘மென்’ ஆவதும், குடித்தலைச் சொல்லும் ‘ட்ரிங்க்’ என்பதற்கு உறவான ‘ட்ரென்ச்’ நனைத்தலைச் சொல்வதும் இதே வகை மாற்றத்தால்தான். இதற்கு நம் மொழிக் குடும்பத்திலேயே நல்ல இணை இருக்கிறது. கன்னடத்தில் ‘கிவி’, தமிழில் ‘செவி’. இகர எகரங்களின் முன் நின்ற பழைய ககரம் தமிழில் சகரமாகிவிட, கன்னடத்தில் அப்படியே நின்றது. ஆங்கிலத்தின் ‘பென்ச்’ தமிழின் செவியைப் போல மாறியது.

மற்ற கிளை இத்தாலிக்குப் போனது. ரோமப் பேரரசு தளர்ந்த காலத்தில் ஜெர்மானிய இனத்தவர் பலர் இத்தாலிக்குள் நுழைந்தார்கள். 568ஆம் ஆண்டில் வந்த லங்கோபார்டியர்கள் நிலைத்து ஆட்சி செய்து, லொம்பார்டி என்ற நிலப்பகுதிக்கே தங்கள் பெயரை விட்டுச் சென்றார்கள். இந்த மக்களின் பேச்சிலிருந்த பலகைச் சொல் இத்தாலிய மொழிக்குள் ஒரு முறையல்ல, இரண்டு முறை நுழைந்தது. இதைத் தமிழ் எழுத்தில் காட்டுவதுதான் சிரமம், ஏனெனில் இரண்டையும் ‘பாங்கா’ என்றே எழுத வேண்டியிருக்கிறது. ‘பாட்டு’ என்பதன் முதலில் வரும் வல்லொலியோடு சொன்னால் அது உட்காரும் பலகை; ‘கம்பு’ என்பதன் நடுவில் வரும் அதிர்வொலியோடு சொன்னால் அது பணம் புழங்கும் இடம். முன்னது லங்கோபார்டியர்களின் உச்சரிப்பு, பின்னது வேறு ஜெர்மானிய வழியில் வந்தது என்பது இத்தாலியச் சொல்லாராய்ச்சியாளர்களின் கருத்து. ஒரே பலகைக்கு இரண்டு உச்சரிப்புகள் கிடைத்ததும் மொழி அவற்றுக்கு வேலையைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டது. இந்த ஒரு விவரத்துக்காகவே இந்தச் சொல்லின் வரலாறு எனக்குப் பிடிக்கும்.

பலகை எப்படிப் பணமாயிற்று என்பதற்கு அந்தக் கால இத்தாலிய நகரங்களைப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு நகரமும் தன் காசைத் தானே அடித்தது. புளோரன்ஸ் நகரம் 1252 முதல் புளோரின் என்ற பொற்காசையும், வெனிஸ் 1284 முதல் டுகாட் என்ற பொற்காசையும் வெளியிட்டன. இவற்றோடு எடையும் உலோகத் தூய்மையும் வேறுபட்ட வெள்ளிக்காசுகள் எத்தனையோ. வெளியூரிலிருந்து சந்தைக்கு வருபவர் தம் கையிலுள்ள காசை உள்ளூர்க் காசாக மாற்றாமல் எதையும் வாங்க முடியாது. அந்த வேலையைச் செய்த காசு மாற்றுபவரின் தொழிற்கூடம் என்பது ஒரு நீள மேசை, அதன் மேல் ஒரு விரிப்பு, ஒரு தராசு, காசுப் பை, கணக்கேடு, இவ்வளவுதான். மேசைக்கு இந்தப் பக்கம் இருப்பவரின் காசு அந்தப் பக்கம் போய், எடை பார்க்கப்பட்டு, கணக்கில் ஏறி, வேறு காசாகத் திரும்பி வரும். பலகையும் மேசையும் ஒரே பெயரால் வழங்கியதால், ‘இன்னாருடைய பலகையில் கொடுத்தேன்’ என்பது ‘இன்னாரிடம் பணம் ஒப்படைத்தேன்’ என்று பொருள்பட்டது. மேசையின் பெயர் தொழிலுக்கு ஏறியது, தொழிலின் பெயர் நிறுவனத்துக்கு ஏறியது. 1397இல் மெடிச்சி குடும்பம் புளோரன்சில் தன் வங்கியைத் தொடங்கியபோதும், 1407இல் ஜெனோவாவில் புனித ஜார்ஜ் பெயரிலான நிறுவனம் எழுந்தபோதும் பலகை ஏற்கெனவே பணமாகிவிட்டிருந்தது.

இது இத்தாலியருக்கு மட்டும் தோன்றிய எண்ணம் அல்ல. கிரேக்க மொழியில் மேசைக்கு ‘த்ராபெசா’ என்று பெயர். நான்கு கால் உடையது என்பது அதன் மூலப்பொருள். பழைய ஏதென்ஸ் நகரில் காசு மாற்றுபவர் அந்த மேசையின் பெயராலேயே அழைக்கப்பட்டார். எருசலேம் ஆலயத்தில் காசு மாற்றுகிறவர்களின் பலகைகளை இயேசு கவிழ்த்த செய்தியைச் சொல்லும் மத்தேயு நற்செய்தியின் கிரேக்க மூலத்திலும் அதே சொல்தான் இருக்கிறது. இன்றும் கிரேக்க நாட்டில் வங்கிக் கட்டடங்களின் முகப்பில் எழுதியிருப்பது அந்த ‘மேசை’தான். நாம் வடிவியலில் சரிவகம் என்று படிப்பதன் ஆங்கிலப் பெயரான ‘ட்ரபீசியம்’, ‘சிறு மேசை’ என்று பொருள்படும் அதே குடும்பத்துச் சொல். எபிரேய மொழியிலும் காசு மாற்றுபவரின் பெயர் மேசையிலிருந்தே வந்தது. இங்கிலாந்தின் அரசுக் கருவூலத்துக்கு ‘எக்ஸ்செக்கர்’ என்ற பெயர் வந்ததும் ஒரு மேசையால்தான். 12ஆம் நூற்றாண்டில் சுமார் 10 அடி நீளமும் 5 அடி அகலமும் உள்ள மேசையில் சதுரங்கப் பலகைபோல் கட்டம் போட்ட துணியை விரித்து, காய்களை நகர்த்தி வரிக்கணக்குப் பார்த்தார்கள். சதுரங்கப் பலகையின் பெயரே கருவூலத்துக்கு ஆகிவந்தது. இத்தனை மொழிகளில் இதே மாற்றம் தனித்தனியாக நடந்திருக்கும்போது, பணத்துக்கு விளக்கம் தேடி ஆற்றங்கரைக்குப் போக வேண்டிய தேவையே இல்லை.

பணப் பொருளில் இந்தச் சொல் ஆங்கிலத்துக்கு வந்தது 15ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், இத்தாலியிலிருந்து நேராகவும் பிரெஞ்சு வழியாகவும். வட இத்தாலிய வணிகர்கள் அதற்கு முன்பே லண்டனில் கடை விரித்திருந்தார்கள். அவர்கள் இருந்த தெரு இன்றும் லொம்பார்டு தெருதான். 1694இல் இங்கிலாந்து வங்கி நிறுவப்பட்டபோது பலகையின் நினைவு முற்றிலும் மறைந்துவிட்டிருந்தது. அதன் பிறகு ‘தேவைப்படும்போது எடுப்பதற்காகச் சேர்த்து வைப்பது’ என்ற கருத்து மட்டும் பணத்தைவிட்டுப் பிரிந்து தனியாக நடந்தது. 1937இல் சிகாகோவின் குக் கவுண்டி மருத்துவமனையில் மருத்துவர் பெர்னார்டு ஃபான்டஸ், தானமாகப் பெற்ற இரத்தத்தைக் குளிரூட்டிப் பாதுகாக்கும் கூடத்தை அமைத்து, அதற்கு ‘இரத்த வங்கி’ என்று பெயர் வைத்தார். கண் வங்கி, விதை வங்கி என்று இன்று நாம் சொல்வதெல்லாம் இதே போக்கில் அமைந்தவை. சூதாட்ட மேசையில் ஆட்டத்தை நடத்துபவரின் கையிருப்புக்கும், ஒருவரை நம்பி இருப்பதைச் சொல்லும் ‘பேங்க் ஆன்’ என்ற வழக்குக்கும் மூலம் பணமே.

திவாலானவரைக் குறிக்கும் ‘பேங்க்ரப்ட்’ என்ற சொல்லைப் பற்றி ஒரு கதை பரவலாக உண்டு: காசு மாற்றுபவர் கடனைத் தீர்க்க முடியாமல் போனால், அவருடைய பலகையைச் சந்தையில் எல்லோர் முன்னிலையிலும் உடைத்துப் போடுவார்களாம். இத்தாலிய மூலச் சொல்லுக்கு ‘உடைந்த பலகை’ என்று பொருள் இருப்பது உண்மைதான். ஆனால் பலகையை உண்மையிலேயே உடைத்தால்தான் அப்படிச் சொல்ல முடியும் என்பதில்லை. தொழில் கெட்டவரைத் தமிழில் ‘நொடித்துப் போனார்’ என்கிறோம். அதற்காக எதையும் யாரும் முறித்துப் போடவில்லை. மேசை என்பதே தொழில் என்று ஆகிவிட்ட பிறகு, தொழில் முறிந்ததை மேசை முறிந்தது என்று சொல்வது இயல்பு. ஆகவே உடைக்கும் சடங்கு என்பது சொல்லைப் பார்த்துப் பின்னால் புனைந்த விளக்கம் என்றே நான் கருதுகிறேன். 1542இல் எட்டாம் ஹென்றியின் ஆட்சியில் இங்கிலாந்தின் முதல் திவால் சட்டம் வந்தபோது இந்தச் சொல் அதில் இடம்பெற்றது. அன்று திவாலானவர் இரக்கத்துக்கு உரியவராக அல்ல, கடன் கொடுத்தவரை ஏய்த்த குற்றவாளியாகவே பார்க்கப்பட்டார். பிற்பகுதியை ‘ரப்ட்’ என்று எழுதும் வழக்கம், உடைதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லை மனத்தில் வைத்துக் கற்றவர்கள் திருத்தியது.

அதே பலகையின் வேறு பிள்ளைகளும் உண்டு. பெருவிருந்தைக் குறிக்கும் ‘பேங்க்வெட்’, ‘சிறு பலகை’ என்ற பொருளிலிருந்து வந்தது. பலகையில் வைத்து உண்ட சிறு சிற்றுண்டிதான் பிற்காலத்தில் பெருவிருந்தாகப் பெருத்தது. சந்தையில் பலகைமேல் ஏறி நின்று போலி மருந்து விற்றவரை இத்தாலியில் ‘பலகைமேல் ஏறுபவன்’ என்றார்கள். அது 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்து ‘மவுண்டிபேங்க்’ ஆகி, இன்று எல்லா வகை ஏமாற்றுக்காரரையும் சுட்டுகிறது. நீதிபதிகள் அமர்ந்த பலகை, நீதிபதிகளின் குழுவுக்கே பெயராகி ‘பென்ச்’ ஆனது. நாம் அதை ‘அமர்வு’ என்று மொழிபெயர்த்தபோது, மூலத்தில் உட்காருதல் இருப்பதைச் சரியாகப் பிடித்துவிட்டோம். துடுப்பு வலிப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்த பலகையும் பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் ‘பேங்க்’ என்றே வந்து சேர்ந்தது. அதிலிருந்துதான் விசைகளின் வரிசை, மின்தூக்கிகளின் வரிசை, விளக்குகளின் வரிசை எல்லாவற்றுக்கும் இதே சொல் ஆகிறது. ஆகவே ஆங்கிலத்தில் இருப்பது இரண்டு ‘பேங்க்’ அல்ல. கரை, வரிசை, பணம் என்று மூன்று. பெரிய அகராதிகளும் இவற்றை மூன்று தலைச்சொற்களாகவே பிரித்து வைக்கின்றன.

அகராதிகள் செய்வது சரிதானா என்றால், சரி என்பேன். ஒரு சொல் மொழிக்குள்ளேயே இருந்து பொருள் கிளைத்தால் அது பலபொருள் ஒருசொல். வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு வாசல் வழியாக வந்திருந்தால், தொலைவில் உறவு இருந்தாலும் அவை வெவ்வேறு சொற்கள். தமிழில் ‘ஆறு’ என்பது நதியையும் குறிக்கும், வழியையும் குறிக்கும். நீர் செல்லும் வழியே நதி என்பதால் இவை இரண்டும் ஒரு சொல். எண்ணாகிய ‘ஆறு’ அப்படி அல்ல. அது வேறு சொல். ஆங்கிலத்தின் ‘பேங்க்’ இந்த இரண்டு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது. பாடநூல்கள் சொல்வதுபோல் அது தூய உதாரணம் அல்ல என்பதுதான் என் ஒரே முறையீடு.

இந்தக் குடும்பம் தமிழுக்கும் வந்திருக்கிறது, அதுவும் ஒன்றுக்கு மேற்பட்ட முறை. மேசை, சாவி, அலமாரி, ஜன்னல் ஆகிய சொற்களைத் தந்த போர்த்துக்கீசிய மொழியில் இருக்கைப் பலகைக்கு ‘பாங்கோ’ என்று பெயர். அது தமிழில் ‘வாங்கு’ ஆனது. இலங்கைத் தமிழில் இன்றும் பிள்ளைகள் வாங்கில்தான் உட்காருகிறார்கள். அடுத்து ஆங்கிலத்தின் சொந்தப் பிள்ளையான ‘பென்ச்’ வந்து ‘பெஞ்சு’ ஆனது. பின்னர் இத்தாலி சுற்றி வந்த ‘பேங்க்’, பழைய தமிழ் அச்சில் ‘பாங்கி’ என்றும், பிறகு ‘வங்கி’ என்றும் எழுதப்பட்டது. பலகையில் உட்காரும் வாங்கும் பெஞ்சும், பணம் போடும் வங்கியும் உடன்பிறந்தவை என்பதை எழுத்து காட்டிக்கொடுப்பதில்லை. மாறாக, அகப்பாடல்களில் தலைவியின் தோழியாக வரும் ‘பாங்கி’யும் பழைய அச்சிலிருந்த ‘பாங்கி’யும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தும், முன்னது ‘பாங்கு’ என்னும் தமிழ்ச் சொல்லில் பிறந்தது, பின்னது கடல் கடந்து வந்தது. கேள்வியில் உள்ள ‘தொடர்பே இல்லாத இரண்டு சொற்கள்’ என்ற தொடர் முழுவதுமாகப் பொருந்துவது அந்த இரண்டுக்குத்தான்.